யார் வீட்டு உப்பு

வாணியம்பாடியில் இறங்கியதுமே தோல் வாடை மூக்கைத் துளைக்கும் என்று சென்னை நண்பர்கள் பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள். அன்று துளைத்தது பலாப்பழ வாசம். ஜூன் மாதம். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கிய பலா ரயில் நிலையத்து வாசலில் குவிந்து கிடந்தது. நாலு சுளை வாங்கித் தின்றுவிட்டு, பாலாற்றுப் பக்கம் போகவேண்டும் என்று ஆட்டோக்காரரிடம் சொன்னேன்.

"ஆத்துல இன்னா சார் கீது? மணல்கூட இல்ல" என்றார். ஆனாலும் வண்டியைக் கிளப்பினார்.

நந்தி மலையில் பிறந்து, கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டர், மிச்சம் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில் என்று பாலாற்றின் நீளத்தைக் கணக்குச் சொல்வார்கள். கணக்கில் ஓடுகிற அளவுக்கு அது தரையில் ஓடுவதில்லை. 2021 நவம்பரில் வெள்ளம் கரை புரண்டதை இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். ஆற்றில் அவ்வளவு தண்ணீரை அவர்கள் கண்டதே இல்லை. மற்ற நாட்களில் ஆறு மணலுக்கு அடியில் போகிறது. கையால் தோண்டினால் ஊற்று வரும் என்பதுதான் அந்தக் காலத்துப் பாலாற்றின் பெருமை. அடியில் ஓடும் ஆற்றுக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு. மேலே கொட்டியதை அடுத்த வெள்ளம் கடலுக்கு அடித்துக்கொண்டு போய்விடாது. அது மணலில் இறங்கி, கரையோரக் கிணறுகளில் மெதுவாக ஏறும்.

நான் வந்தது டேனரிகள், அதாவது தோல் பதனிடும் ஆலைகள், விட்ட கழிவைப் பற்றிய ஒரு தீர்ப்புக்குக் காரணமான இடத்தைப் பார்க்க. 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு சொன்ன வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்குத் தீர்ப்பு. சட்டக் கல்லூரிப் பிள்ளைகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்: மாசு செய்தவனே அதற்கு விலை கொடுக்க வேண்டும், கெடுதி வருமென்று முழுதாக நிரூபணம் ஆகும்வரை கைகட்டிக்கொண்டு நிற்கக் கூடாது, இவ்விரண்டும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறுதியிட்ட தீர்ப்பு அது. பரீட்சைக்குப் படித்தவர்களில் எத்தனை பேர் வாணியம்பாடிக்கு டிக்கெட் எடுத்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

ஆட்டோக்காரருக்குத் தெரிந்த ஒரு டேனரியில் முதலில் நுழைந்தோம். சின்னது. பிறர் தோலை வாங்கிப் பதனிட்டுக் கூலிக்குக் கொடுக்கும் ஜாப் ஒர்க் இடம். வாசலிலேயே பச்சைத்தோல் அடுக்கு. அதன் மேல் கல்லுப்பு, கால் வைத்தால் நறநறவென்கிறது. ஆட்டை அறுத்த இடத்திலேயே தோல் அழுகாமலிருக்க உப்பைத் தடவி அனுப்புகிறார்கள்; தோலின் எடையில் 40 சதவீதம் வரை உப்பு ஏறியிருக்கும். இங்கே வந்ததும் முதல் வேலை அந்த உப்பைக் கழுவுவது. பிறகு சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் போட்டு மயிரை உதிர்ப்பது, சதையைச் சீவுவது, அமிலத்தில் ஊறவைப்பது, கடைசியில் குரோமியம். ஆள் உயரத்தைப்போல இருமடங்கு இருந்த மர டிரம் ஒன்று உருண்டு நின்றது. கதவைத் திறந்ததும் வெளிர்நீல நிறத்தில் தோல்கள் சரிந்து விழுந்தன. முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருந்த பையன் அவற்றைக் கையால் அள்ளித் தள்ளுவண்டியில் போட்டான். டிரம்மின் அடியிலிருந்து வழிந்த தண்ணீரும் அதே நீலம். அது ஒரு தனி வாய்க்காலில் போனது. அந்த வாய்க்கால் எங்கே போகிறது என்பதுதான் நாற்பது வருஷத்துச் சண்டை.

உரிமையாளர் பாய் அறுபதைத் தாண்டியவர். தாத்தா காலத்தில் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்டதாகச் சொன்னார். ஒரு தோல் ஆக வாரக்கணக்கில் ஆகுமாம். 1970-களில் மத்திய அரசு, பச்சைத்தோலாகவும் அரைகுறையாகப் பதனிட்டும் ஏற்றுமதி செய்ததைக் கட்டுப்படுத்தி, முழுதும் பதனிட்ட தோலாக, செருப்பாக, பையாக அனுப்புங்கள் என்று தள்ளியது. அந்நியச் செலாவணி கூடும், இங்கேயே வேலை பெருகும் என்பது யோசனை. தப்பான யோசனை என்று சொல்ல மாட்டேன். ஆம்பூரில் காலையில் ஷூ கம்பெனி பஸ்களில் ஏறும் பெண்களைப் பார்த்தவர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த உத்தரவோடு குரோமியமும் வந்தது, அதன் கழிவு எங்கே போகவேண்டும் என்ற உத்தரவு மட்டும் வரவில்லை. அரசு தொழிலைத் தூண்டிவிட்டுத் தண்ணீரைப் பற்றிப் பேச மறந்த அந்த இருபது வருஷம் எந்தத் தீர்ப்பின் கணக்கிலும் சரியாக ஏறவில்லை என்பது என் அபிப்பிராயம்.

"எங்கள மட்டும் புடிக்கிறாங்க சார்" என்றார் பாய். "ஒரு கிலோ தோலுக்கு முப்பத்தஞ்சு லிட்டர் தண்ணின்னு அப்ப கோர்ட்ல சொன்னாங்க. இப்ப அதுல பாதியக்கூடச் செலவு பண்றதில்ல நான்." அந்த 35 லிட்டர் கணக்கு தீர்ப்பிலேயே இருக்கிறது. கூடவே குரோம் பதனிடலில் 170 வகை ரசாயனம் புழங்குவதாகவும், வேளாண் பல்கலைக்கழக ஆய்வுப்படி சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ கெட்டுப்போனதாகவும்.

கெட்டுப்போன நிலம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆற்றைத் தாண்டி ஒரு கிராமத்துக்குப் போனோம். நான் எதிர்பார்த்தது வெடித்த கரிசல், பட்ட மரம், அந்த மாதிரிப் படம். கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் தென்னந்தோப்பு. பச்சைப் பசேல் என்று. இதில் என்ன நாசம் என்று கேட்கத் தோன்றியது. தோப்புக்காரப் பெரியவர் சிரித்தார்.

"தென்னைதான் தம்பி தாங்குது. அதனாலதான் தென்னை. எங்கப்பா காலத்துல இது நெல்லு, கரும்பு, வாழ. முப்போகம்."

கட்டிலை மரத்தடிக்கு இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். மண்ணை ஒரு பிடி அள்ளிக் காட்டினார். வரப்போரம் வெள்ளைப் பூத்துக் கிடந்தது. காலையில் தண்ணீர் பாய்ச்சிய பாத்தி வெயிலில் காயக் காய அந்த வெள்ளை மேலே வருகிறது. கிணற்று மோட்டாரின் இரும்புக் குழாய் உதிர்ந்து, அதை மூன்று இடத்தில் பிளாஸ்டிக்கால் ஒட்டுப் போட்டிருந்தார்கள். ஓர் இளநீரை வெட்டிக் கொடுத்தார். நன்றாகத்தான் இருந்தது, கடைசி மடக்கில் நாக்கின் ஓரத்தில் ஒரு கரிப்பு. என் கற்பனையாகவும் இருக்கலாம்.

வீட்டுக்காரம்மா உள்ளேயிருந்தபடியே பேச்சில் சேர்ந்துகொண்டார். கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. எவ்வளவு நேரம் கொதித்தாலும் பருப்பு பருப்பாகவே இருக்கும். துணிக்குச் சோப்புப் போட்டால் நுரை வராது. மாடு வாயை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். குடிக்க, சமைக்க எல்லாம் கேன் தண்ணீர். அதற்கு மாதம் எவ்வளவு ஆகிறது என்று அவர் கணக்கைச் சொல்லத் தொடங்கியபோது பெரியவர், "அதெல்லாம் எந்தக் கோர்ட்டும்மா எழுதும்" என்று அடக்கினார்.

நான் கேட்டேன்: "இந்தக் கிணற்றில் இருப்பது எந்த டேனரி உப்பு என்று சொல்ல முடியுமா?"

"எப்டிச் சொல்றது? மேல முப்பது ஷாப்பு கீது. அவன் இவன்மேல சொல்றான், இவன் அவன்மேல சொல்றான். எல்லா உப்பும் ஒரே மாதிரிதானே கரிக்குது."

மாசு வழக்குகளில் விவசாயியைத் தோற்கடிப்பது இந்தக் கேள்விதான். பழைய சிவில் வழக்கு முறையில், எனக்குத் தீங்கு செய்தவன் இவன், இவன் செய்த இந்தச் செயலால் இந்தத் தீங்கு என்று வாதி கோடு இழுத்துக் காட்ட வேண்டும். நூற்றுக்கணக்கான வாய்க்கால், ஒரே ஆறு, மணலுக்கடியில் ஓடும் தண்ணீர் என்றால் அந்தக் கோட்டை இழுக்க எந்த வக்கீலாலும் முடியாது. சோதனைச்சாலைக்குக் காசு கட்டவும் அந்தப் பெரியவரிடம் பணம் இல்லை.

1991-இல் நல மன்றம் தனித்தனி டேனரிமேல் வழக்குப் போடாமல், அரசியல் சட்டத்தின் 32-ஆவது பிரிவின்கீழ் நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போனதன் முக்கியத்துவம் இங்கே தெரிகிறது. எம்.சி. மேத்தா வாதாடினார். ஐந்து வருஷம் கழித்து வந்த தீர்ப்பு ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டது. சுத்திகரிப்பு ஏற்பாடு இல்லாதவற்றை மூடச் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு ஒன்றை ஏற்படுத்தச் சொன்னது. எல்லாவற்றையும்விடப் பெரிய காரியம், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஓர் ஆணையம் அமைக்கச் சொன்னது. யார் எவ்வளவு இழந்தார்கள், யார் எவ்வளவு கட்டவேண்டும் என்று அந்த ஆணையம் கணக்கெடுக்கும். பணம் கலெக்டரிடம் போகும், அவர் பட்டுவாடா செய்வார். கட்டாத ஆலையை மூடலாம். எந்த உப்பு யார் வீட்டு உப்பு என்று விவசாயி நிரூபிக்க வேண்டிய தலைவலி போயிற்று. எல்லாரும் கொட்டினீர்கள், எல்லாரும் சேர்ந்து கட்டுங்கள் என்பதே அதன் சாரம்.

ஆணையம் 2001 மார்ச் 7-இல் தன் உத்தரவைச் சொன்னது. ஏழு தாலுகாவில் 186 கிராமங்கள், 15,164 ஹெக்டேர், பாதிக்கப்பட்டவர்கள் 29,193 பேர், கட்டவேண்டிய டேனரிகள் 547, மொத்தத் தொகை 26 கோடியே 82 லட்சம். 1991 ஆகஸ்டிலிருந்து 1998 கடைசிவரைக்குமான இழப்புக்கு.

கோடியில் சொன்னால் பெரிதாகத்தான் கேட்கிறது. பெரியவரின் கட்டிலில் உட்கார்ந்தபடி மொபைலில் வகுத்துப் பார்த்தேன். ஆளுக்குச் சராசரி ஒன்பதாயிரத்துச் சொச்சம். ஏக்கருக்கு ஏழாயிரத்துச் சொச்சம். ஏழு வருஷத்துக்கும் மேலான காலம் என்பதால் ஏக்கருக்கு ஓர் ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்கும் கொஞ்சம் கீழே. சராசரிதான், பாதிப்பைப் பொறுத்து ஒருவருக்குக் கூடும், ஒருவருக்குக் குறையும். பெரியவரிடம் சொன்னதற்கு அவர் வியப்படையவில்லை. "எங்களுக்கு வந்துச்சு. தங்கச்சி கல்யாணத்துக்குக் கொஞ்சம் ஆச்சு" என்றார். அந்தத் தங்கை இப்போது பாட்டி.

தோப்பில் தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடமும் கேட்டேன், நஷ்டஈடு வந்ததா என்று. இதென்ன கேள்வி என்பதுபோலப் பார்த்தார். "எங்களுக்கு ஏது சார் நெலம்?" நெல் இருந்த நாளில் நடவு, களை, அறுப்பு என்று வருஷத்தில் பாதி நாளைக்கு வேலை இருந்திருக்கிறது. தென்னை வந்தபின் தேங்காய் வெட்டுக்கு மட்டும்தான். மற்ற நாளில் டேனரியில் தோல் காயப்போடப் போகிறார். நிலத்துக்காரருக்கு விளைச்சல் போனது, இவருக்குக் கூலி போனது. கணக்கு ஹெக்டேரில் போடப்பட்டதால் ஹெக்டேர் இல்லாதவர் அதில் இல்லை. தீங்குக்கு யார் பொறுப்பு என்பதை நீதிமன்றம் துணிந்து விரித்துக் கொடுத்தது. தீங்கு யாருக்கு நேர்ந்தது என்பதை வருவாய்த்துறை பட்டாவைப் பார்த்துச் சுருக்கிக்கொண்டது. தீர்ப்பை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் இந்த இரண்டாவது பாதியைச் சொல்லிக் கேட்டதில்லை.

மதியம் ஆம்பூர். பிரியாணியைப் பற்றி எழுத இது இடமில்லை. ஆனால் கத்தரிக்காய்த் தொக்கைச் சொல்லாமல் போனால் பாவம் வரும். சீரகச் சம்பா எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். வெளியூரிலிருந்து என்றார் கடைக்காரர், சுருக்கமாக.

ஊருக்கு வெளியே பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றை வெளியிலிருந்து பார்த்துக்கொள்ள அனுமதித்தார்கள். முன்பெல்லாம் கழிவுநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்குள் இருந்தால் வெளியே விடலாம் என்பது விதி. அந்த அளவை எட்டுவதே பெரும்பாடு. இப்போது ஒரு சொட்டுகூட வெளியே விடக்கூடாது என்ற நிலை. எதிர்ச் சவ்வூடு பரவலில் வடிகட்டி நல்ல தண்ணீரை டேனரிக்கே திருப்பி அனுப்புகிறார்கள். மிச்சமாகும் கொழகொழத்த உப்புநீரைப் பெரிய கொதிகலன்களில் ஆவியாக்குகிறார்கள். காகிதத்தில் பிரமாதம். ஆவியானபின் உப்பு எங்கே போகும்? அது அங்கேதான் இருக்கிறது, தகரக் கொட்டகையில், மூட்டை மூட்டையாக, கூரையைத் தொடும் உயரத்துக்கு. சமையல் உப்பும் சல்பேட்டும் இன்னும் என்னென்னவோ கலந்த, பழுப்பேறிய உப்பு. சாப்பிட உதவாது, தோலுக்குத் திரும்பத் தடவவும் உதவாது, புதைக்கவும் விடமாட்டார்கள். ஒரு மூட்டையின் தையல் பிரிந்து, ஈரம் கசிந்து, சிமெண்டுத் தரையில் ஒரு கோடு வாசல்வரை வந்திருந்தது. ஆற்றிலிருந்து மீட்ட உப்பு, மழைக்குப் பயந்து கொட்டகையில் ஒதுங்கியிருக்கிறது.

அங்கிருந்த மேலாளர் ஒரு விஷயம் சொன்னார். ஆலை கைமாறுகிறது. பாகம் பிரிகிறார்கள், குத்தகைக்கு விடுகிறார்கள், பேரை மாற்றுகிறார்கள். 2001-இல் தொகை விதிக்கப்பட்ட டேனரி இன்று வேறொருவருடையது. "எவனோ பண்ணதுக்கு நான் எதுக்குக் கட்டணும்னு புதுசா வாங்குனவரு கேக்குறாரு. கேக்குறது நியாயமாத்தான் தெரியுது. ஆனா கெணத்துக்காரனுக்கு அது நியாயமாத் தெரியாதே." அரை நிமிடப் பேச்சில் வந்த இந்த வாக்கியத்தை நான் பார்த்த சட்டக் கருத்தரங்குகள் பலவற்றைவிட மேலாக மதிக்கிறேன்.

மாலையில் ராணிப்பேட்டை. செஞ்சி தேசிங்குராஜனின் மனைவி நினைவாக ஆற்காட்டு நவாபு வைத்த பேர் என்பார்கள். அந்தக் கதையைச் சொல்லத்தான் ஊரில் எல்லாரும் ஆர்வமாக இருந்தார்கள். நான் கேட்டது சிப்காட்டில் மூடிக்கிடக்கும் ஓர் ஆலையைப் பற்றி.

டேனரிகளுக்கு வேண்டிய குரோமிய ரசாயனத்தைத் தயாரித்த ஆலை அது. தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ். எழுபதுகளில் தொடங்கி, தொண்ணூறுகளின் நடுவில் மூடிவிட்டார்கள். மூடியவர்கள் கழிவை எடுத்துக்கொண்டு போகவில்லை. ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாமல் மலையாகக் குவிந்து கிடந்தது. டேனரி டிரம்மில் நான் பார்த்த நீலக் குரோமியம் ஒரு வகை, ஓரளவு சாது. இந்தக் குவியலில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் தருவது, தண்ணீரில் எளிதாகக் கரைவது. மழை பெய்தால் மஞ்சளாக வழிகிறது. 2006-இல் நியூயார்க்கைச் சேர்ந்த பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகின் மிக மாசடைந்த இடங்களைப் பட்டியலிட்டபோது செர்னோபிலோடு ராணிப்பேட்டையும் அதில் இருந்தது.

சுற்றுச்சுவர் ஓரமாக நடந்தேன். உள்ளே போகக் கூடாது. சுவரின் அடியில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குச் செங்கல்லில் மஞ்சள் ஏறியிருந்தது. எலுமிச்சை மஞ்சள், பார்க்க அழகான நிறம். ஓரமாக மேய்ந்துகொண்டிருந்த ஆட்டை ஒரு பையன் கல்லெறிந்து விரட்டினான். பக்கத்து டீக்கடையில் விசாரித்தேன்.

"இது எந்தக் கம்பெனி கழிவுன்னு சின்னப் புள்ளையக் கேட்டாலும் சொல்லும்ணே" என்றார் கடைக்காரர். "சொல்லி இன்னா ஆவப்போவுது? யார்கிட்டப் போய்க் கேக்குறது?"

வாணியம்பாடியிலிருந்து இதுவரை வந்த வழியெல்லாம் நான் நினைத்துக்கொண்டிருந்தது, குற்றவாளி யாரென்று காட்ட முடியாததுதான் சிக்கல் என்று. இங்கே குற்றவாளி ஒருவர்தான். கோடு இழுக்க வேண்டியதே இல்லை. சுவரில் மஞ்சள் வழிகிறது. ஆனால் 547 பேர் சேர்ந்து செய்த தீங்குக்கு, குறைவாகவோ தாமதமாகவோ, பணம் வந்தது. ஒருவரே செய்த தீங்குக்குக் கட்ட ஆள் இல்லை. காரணம் எளிது. டேனரிகள் உயிரோடு இருந்தன. கட்டாவிட்டால் மூடுவேன் என்று மிரட்டினால் பயப்பட அவற்றுக்கு ஏற்றுமதி ஆர்டர் இருந்தது. மூடிய கம்பெனியை எதைச் சொல்லி மிரட்டுவது? குவியலை எப்படி அப்புறப்படுத்துவது என்று திட்டம் போடும் வேலை கடைசியில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலையில், அதாவது நம் எல்லார் தலையிலும் விழுந்தது.

சட்டத்தில் வார்த்தைக்குப் பஞ்சம் இல்லை. 1985 டிசம்பரில் டெல்லியில் ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது. அடுத்த வருஷம் நீதிபதி பகவதி தலைமையிலான அமர்வு, அபாயகரமான தொழில் நடத்துகிறவருக்கு முழுப் பொறுப்பு, நான் கவனமாகத்தான் இருந்தேன் என்ற பேச்சே எடுபடாது, நிறுவனம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய நஷ்டஈடு என்றது. போபால் முடிந்து இரண்டு வருஷம். அந்தக் கோபம் அதில் இருந்தது. ராஜஸ்தானில் பிச்ரி கிராமத்துக் கிணறுகளைச் சாய ரசாயனக் கழிவு கெடுத்த வழக்கில், வேலூர்த் தீர்ப்புக்குச் சில மாதம் முன்னால், அதே பொறுப்பை நீதிமன்றம் மாசுக்கும் நீட்டியது. நிலத்தைச் சரிசெய்ய 37 கோடிக்கும் மேல் கட்டச் சொன்ன அந்த ஆலைக்காரர்கள் மனுவுக்குமேல் மனுப் போட்டு இழுத்தார்கள். 2011-இல் கூட்டு வட்டியோடு கட்டச் சொல்லும் அளவுக்குப் போயிற்று. 2010-இல் வந்த பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், விபத்தென்றால் தப்பு யாருடையது என்று பார்க்காமலே நஷ்டஈடு என்கிறது. கேட்பதற்கு ஐந்து வருஷக் கெடு வைத்திருக்கிறது அதே சட்டம். குரோமியம் கிணற்றுக்கு வந்து சேரவே அதற்குமேல் ஆகலாம்.

இவை எல்லாவற்றிலும் ஆலை ஒன்று இருக்கிறது, அதற்கு முதலாளி இருக்கிறார், அவரிடம் காசு இருக்கிறது என்ற நம்பிக்கை அடியோட்டமாக ஓடுகிறது. உரிமம் கொடுக்கும் அன்றே, மூடும்போது துப்புரவு செய்வதற்கான பணத்தைத் தனியே கட்டி வைக்கச் சொல்லியிருந்தால் அந்தச் சுவரில் மஞ்சள் ஏறியிருக்காது. வீட்டு வாடகைக்கே பத்து மாத அட்வான்ஸ் கேட்கிற ஊர் நம்முடையது.

உயிரோடு இருந்த ஆலைகளும் கொன்றிருக்கின்றன. இதே ராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில், 2015 ஜனவரி கடைசி நாள் விடியுமுன், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து பக்கத்து டேனரிக்குள் பாய்ந்தது. தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளிகள் பத்துப் பேர் அந்தச் சேற்றில் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆற்றுக்குப் போகாமல் தடுக்கக் கட்டிய ஏற்பாடு அது. டீக்கடைக்காரருக்கு அந்த இரவு நன்றாக நினைவிருந்தது. அதைப் பற்றி அவர் சொன்னதை எழுத எனக்கு மனமில்லை.

2025 ஜனவரி 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பாலாற்று வழக்கில் மறுபடி பேசியது. நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் சேர்ந்த அமர்வு. 2001 உத்தரவின்படியும் 2009-இல் வந்த இன்னொரு உத்தரவின்படியும் இன்னும் கொடுக்காமல் நிற்கும் தொகையைத் தமிழ்நாடு அரசு ஆறு வாரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், பிறகு ஆலைகளிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்று சொன்னது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு போட்டு நிலைமையைத் தொடர்ந்து பார்க்கவும் சொன்னது. மாசு தீரும்வரை மாசு செய்தவரின் பொறுப்பும் தீராது என்பது தீர்ப்பின் போக்கு. கால் நூற்றாண்டு கழித்தாவது, முதலாளியைத் தேடிக்கொண்டிருக்கும் வேலையை விவசாயியிடமிருந்து எடுத்து அரசிடம் கொடுத்திருக்கிறார்கள். அரசு கொடுத்துவிட்டு வசூலிக்கும் இந்த வழிதான், ஆலை செத்தாலும் ஓடிப்போனாலும் ஆள் மாறினாலும், பாதிக்கப்பட்டவர் கையில் பணம் வந்து சேருவதற்கு உள்ள ஒரே வழி என்று எனக்குப் படுகிறது. 1996-லேயே இதைச் சொல்லியிருக்கலாம்.

வாலாஜா ரோடு நிலையத்துக்குப் போக டவுன் பஸ்ஸில் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளைஞர் மடியில் பிளாஸ்டிக் உறை. உள்ளே ஜெராக்ஸ் தாள்கள். மேலே தெரிந்தது பட்டா நகல். எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று விசாரித்தேன். தீர்ப்புச் செய்தியைப் பேப்பரில் பார்த்து, தாத்தா பேரில் பாக்கி நிற்கிறதா என்று கேட்கக் கலெக்டர் ஆபீசுக்கு வந்தவர் அவர். தாத்தா நிலம் 2001-இல் வேலூர் மாவட்டத்தில் இருந்தது. 2019-இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். நிலம் ஒரு பக்கம், அதன் பழைய ஃபைல் இன்னொரு பக்கம்.

"வேலூர்ல கேளுன்னு சொல்லிட்டாங்கண்ணே. வேலூர்ல போன மாசம் கேட்டப்ப ராணிப்பேட்டைல கேளுன்னாங்க."

"தாத்தா இருக்கிறாரா?"

"அவரு போயிட்டாரு. அப்பாவும் போயிட்டாரு. வாரிசு பதினோரு பேரு. எல்லார் கையெழுத்தும் வேணுமாம். அதுல ஒரு சித்தப்பா டேனரி வச்சிருக்காரு. அவருதான் போடமாட்டேங்கறாரு."

ஏன் என்று கேட்டேன்.

"கேஸ்ல அவரு டேனரி பேரும் கீதாம். ஒரு பக்கம் கட்டவும் சொல்லி, இன்னொரு பக்கம் வாங்கவும் சொன்னா எப்டிடா போடறதுங்கறாரு" என்று சொல்லிவிட்டு, அவர் இறங்கவேண்டிய நிறுத்தம் வந்ததால் உறையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு எழுந்தார்.